நூற்றுக்கு ஏழரை

குடியாத்தத்தில், தீப்பெட்டிக் கொட்டகைக்கு மேல்
என் வாடகை அறை.
கீழே சட்டங்களின் சத்தம் ஒன்பதுக்கு ஓயும்.
அதன்பின் கார்த்திகைக் கூட்டத்தை விரிப்பேன்,
வானத்தில் இல்லை, திரையில்.
கண் ஆறென்று எண்ணி நிறுத்துவதற்குப் பின்னால்
ஆயிரத்துக்கும் மேல்.
அதில் என் பங்குக்கு வந்தது ஒன்று.
பெயரில்லை. வரிசை எண் 217.

சூரியன் எடையில் நூற்றுக்கு ஏழரை இருந்தால்
உள்ளே ஹைட்ரஜன் பற்றும்; விண்மீன்.
குறைந்தால் பழுப்புக் குள்ளன்.
ஏழரை என்றதும் வீட்டுக்காரர் கோதண்ட நாயுடு
என் ஜாதகத்தைக் கேட்டார்.

217க்கு அளந்தது ஏழு புள்ளி மூன்று.
பிழை, மேலும் கீழும் அரை.

சைனகுண்டா வழியாகப் பலமநேர் போகும் பஸ்ஸில்
ஆந்திரா வரவேற்கும் குறுஞ்செய்தி
பலகைக்கு இரண்டு கிலோமீட்டர் முன்பே வந்துவிடும்.
பலகை தாண்டியும் டீக்கடையில் தமிழ்தான்.
கண்டக்டர் மட்டும் எந்த வளைவிலோ
"எக்கட திகாலி" என்று கேட்கத் தொடங்கியிருப்பார்.
எந்த வளைவென்று ஒருமுறையும் பிடிபட்டதில்லை.

பந்தியில் பாதியில் எழுப்பப்பட்டது என்பது ஒரு கட்சி:
மேகத்துக்குள் பல கருக்கள் உட்கார்ந்து வாயுவை உண்ண,
பெரியவை இழுத்த இழுப்பில்
சின்னது இலையோடு வெளியே விழுந்தது.
அதன் இலையில் விழுந்ததே அவ்வளவுதான்
என்பது இன்னொரு கட்சி.
217 ஆறிக்கொண்டிருக்கிறது.

முபீனா, மருந்து குறைந்த குச்சிகளைப் பொறுக்குபவள்.
"ஒரு சீறு சீறும் பாருங்க, அப்புறம் கரிதான்."
உரசிக் காட்டினாள். சீறியது, கரியானது.
டியூட்டீரியம் என்று சொல்லவந்து விழுங்கினேன்.
அதே கழிவுக் குவியலிலிருந்து இன்னொன்றை உரசினாள்.
அது நின்று எரிந்தது,
அவள் விரல்வரைக்கும்.
இரண்டு பேரும் பேசவில்லை.

இனி லிதியம்தான் சாட்சி.
விண்மீனென்றால் சிறுவயதிலேயே எரித்துத் தீர்த்திருக்கும்.
குள்ளனென்றால் பிறக்கும்போது கிடைத்ததை
இன்னும் மடியில் முடிந்துவைத்திருக்கும்.
நிறமாலையில், 670.8 நானோமீட்டரில்,
ஒரு பள்ளம்.
பள்ளம்தானா, இரைச்சலா?
மூன்று இரவுகளைக் கூட்டிப் பார்த்தேன்.
ஆழம் கூடவில்லை. மறையவும் இல்லை.

ஒன்றரை மணிக்குக் கரண்ட் போனது.
மடிக்கணினி தன் லிதியத்தில் ஓடியது,
இருபது நிமிடம் என்றது.
அட்டவணையில் "விண்மீனா?" என்று ஒரு கட்டம்.
ஆமென்றால் 1, இல்லையென்றால் 0.
காலியாக விட்டால் நிரல் ஏற்காது.
இந்த மாதிரி நேரத்துக்கு எங்கள் வழக்கம்
மைனஸ் 99.

அடித்தேன்.
ஜன்னலில் கந்தக வாசம்,
மேற்கே சாய்ந்த கார்த்திகை,
அதில் 217 அங்கேதான் என்று
நானாக நினைத்துக்கொண்ட ஒரு கறுப்பு.