நூற்றிருபத்தெட்டு

மார்ச் பதினொன்று, மாலை ஆறேமுக்கால்.
குரெஸ்ஸாரே நகரத்துத் தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன.
என் அறையில் நீலத்திரை.
இந்த வாரத்தில் ஏழாவது.

கடல்நாய் எண்ணுகிறவள் நான்.
விமானம் எடுத்துவந்த படங்களில்
பனிக்கட்டிமேல் கிடக்கும் வெள்ளைக் குட்டிகளை
வெள்ளையிலிருந்து பிரித்தெடுத்து
ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சிவப்புப் புள்ளி வைக்கிறேன்.
அதற்குத்தான் சம்பளம்.

இந்தக் கணினியை நானே பூட்டினேன், அக்டோபரில்,
சமையல் மேசையில், உருளைக்கிழங்குத் தோலை ஒதுக்கிவிட்டு.
ராம் பட்டைகள் இரண்டும் பழசு.
ரூமஸ்ஸாரே படகுத்துறையில்
டிக்கெட் கிழிக்கும் எல்துரிடம் வாங்கியவை.
நாற்பது யூரோ. பேரம் பேசவில்லை.

முதலில் டிரைவர் என்று நினைத்தேன்.
பிறகு மின்சாரம். பிறகு தூசி.
எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மாட்டினேன்.
இரண்டு நாள் அமைதி.
மூன்றாம் நாள் பாதி எண்ணிக்கையில்
குட்டிகளை அப்படியே பனியில் போட்டுவிட்டு
திரை நீலமாகிவிட்டது.

அதையும் பொறுத்திருப்பேன்.
விழுகிற இயந்திரம் விழுந்தேன் என்றாவது சொல்கிறது.
என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது வேறு.
பதினேழாம் சதுரம்.
காலையில் நான் சேமித்தது எண்பத்துநான்கு.
மாலையில் திறந்தால் இருநூற்றுப் பன்னிரண்டு.
நீலம் இல்லை, எச்சரிக்கை இல்லை,
யாரோ புள்ளிவைத்த சத்தம்கூட இல்லை.
எங்கோ ஒரு சுழியம் ஒன்றாகப் புரண்டு படுத்ததில்
நூற்றிருபத்தெட்டு குட்டிகள் பிறந்துவிட்டன,
தாயில்லாமல், பனியில்லாமல்.

அன்றிரவு எல்துருக்கு ஒரு செய்தி அனுப்பினேன்.
அதை இங்கே எழுத மாட்டேன்.
மறுநாள் கதவுக்கடியில் ஒரு உறை.
இரண்டு இருபது யூரோத் தாள்கள்.
ஒரு வரிகூட எழுதவில்லை.

பென்டிரைவிலிருந்து சோதனையை ஓடவிட்டுத் தூங்கினேன்.
விடிந்தபோது சிவப்பு வரிகள் திரையை நிறைத்திருந்தன.
ஒரு பட்டையைக் கழற்றினேன்: சுத்தம்.
அதை எடுத்துவிட்டு, அதே இடத்தில் மற்றதை: சுத்தம்.
பக்கத்து வரிசையில் செருகினேன்: பொய்.
முதல் பட்டையை அதே வரிசையில்: அதுவும் பொய்.
காபி ஆறும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.
எந்தப் பட்டை போனாலும்
அந்த வரிசையில்தான் பிசகுகிறது.
அப்படியென்றால் பட்டைகள் நல்லவை.
அப்படியென்றால் எல்துர்.

விசிறியைக் கழற்றத் தொடங்கினேன்.
நாலு ஸ்க்ரூவில் மூன்று சாதாரணமாக வந்தன.
நாலாவதற்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.
நினைவு வந்தது: அக்டோபர் இரவு,
சூடாகிவிடுமோ என்ற பயம்,
மணிக்கட்டு வலிக்க வலிக்க
இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்று.
அந்த மூலையில் பிராசஸர் ஒரு மயிரிழை சாய்ந்து
கீழே ஏதோ சில ஊசிகள்
தொட்டும் தொடாமலும் இத்தனை மாதம்.

இந்த முறை இரண்டு விரலால் மட்டும் முறுக்கினேன்.
நின்ற இடத்தில் நிறுத்தினேன்.
சோதனை பதினோரு மணிநேரம் ஓடியது. பிழை: சுழியம்.

படகுத்துறையில் காற்று முகத்தை அறைந்தது.
சாளரத்தின் அடியில் உறையைத் தள்ளினேன்.
எல்துர் அதைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.
"அப்ருகாவுக்கா?" என்றார்.
இல்லை என்றேன்.
"அப்படியானால் வரிசையைவிட்டு விலகுங்கள்."
என் பின்னால் யாருமே இல்லை.
உறையை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டார்.

இப்போது முதல் சதுரத்திலிருந்து.
அக்டோபரிலிருந்து எண்ணிய எதையும் நம்ப முடியாது.
பதினேழுக்கு வர வியாழக்கிழமை ஆனது.
மெதுவாக எண்ணினேன், உதடு அசைய.
எண்பத்துமூன்று.
மறுபடியும்.
எண்பத்துமூன்று.
ஓரத்தில் கிடந்த ஒரு பனிமேட்டுக்கு
அன்று நான் தலை வைத்திருக்கிறேன்.

இந்த ஒன்றுக்கு
ஸ்க்ரூவைக் குற்றம் சொல்ல முடியாது.