எட்டாம் அறை

பிரேசிலில், பரைபா ஆற்றுச் சரிவில்,
பழைய காப்பித் தோட்டம் இன்று விடுதி.
அடிமைக் கொட்டில் நின்ற இடத்தில்
எட்டு அறைகள், ஏசி, கொய்யா ஜாம்.

வைஃபை கடவுச்சொல் கேட்டேன்.
“தோட்டம் தொடங்கிய வருஷம், இரண்டு தடவை”
என்றாள் ஜுசாரா,
நடைச்சுவரில் சட்டம் போட்ட
கணக்கேட்டுத் தாளைத் துடைத்தபடி.

1847.
கோவேறு கழுதை ஆறு.
செப்புக் கொப்பரை ஒன்று, ஓட்டை.
பெனதீத்தா, வயது பன்னிரண்டு, பல் பழுதில்லை.
பக்கத்தில் விலை.

துணி அந்த வரியில் கொஞ்சம் நின்றது.

“உங்கள் வழியா?”
“தெரியாது. எங்கள் குடும்பப் பெயரே
இந்தத் தோட்டத்தின் பெயர்தான்.”

இரவு, கைப்பேசியில்
ஒன்று, எட்டு, நான்கு, ஏழு.
மறுபடி ஒன்று, எட்டு, நான்கு.
விரல் ஏழை அழுத்தாமல் நின்றது.

காலையில் காப்பி நன்றாகத்தான் இருந்தது.
இன்னொரு கோப்பை கேட்டேன்.