நாற்பது சென்டிமீட்டர்

சர்மலோய்க்குச் சாலை கிடையாது.
பாறை மனமிரங்கி ஒதுங்கிய இடமே வழி.
கீழே, கண்ணுக்கெட்டாத ஆழத்தில், ஆர்குன்
கல்லை மென்றபடி போகிறது.
குரோஸ்னியில் எனக்குக் கொடுத்த படிவத்தில்
தெருப்பெயர், கதவு எண், மின் இணைப்பு எண் என்று
மூன்று கட்டங்கள்.
மூன்றிலும் கோடிழுத்தேன்.

கடல் மட்டத்திலிருந்து ஆயிரத்து எழுநூற்று நாற்பது மீட்டர்.
தென்கிழக்கே சரிந்த மண்,
பார்லி விளைந்த அடுக்குகளுக்கு நடுவே
இடுப்புயரக் கல்சுவர்கள்.
கோபுரம் ஒன்று. உச்சி இல்லை.
வாசல் தரையில் இல்லை, இரண்டாள் உயரத்தில்.
ஏணியை உள்ளே இழுத்துக்கொண்டால்
விருந்தாளியும் பகையாளியும் ஒன்றுதான்.
வாசலோரக் கல்லில் விரித்த கை ஒன்று.
கட்டியவனின் கை என்கிறார்கள்.
வைத்துப் பார்த்தேன்,
என் கையைவிடச் சிறியது.

கண்ணிவெடி எடுப்பவர்கள் போன கோடையில்
வெள்ளை பூசிய கற்களுக்கு நடுவே மட்டும் நடந்தோம்.
முக்காலியைத் தோளில் சுமந்து நான்.
எனக்கு முன்னே எல்பஸூர் பட்ஸாயேவ்.
இருபதடி பின்னால் தோக்கா எஸ்கியேவ்.
இருவரும் மனுதாரர்கள்.
இருவரும் பிறந்தது கஜகஸ்தானில்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில்
எல்லைக்கல் ஒன்று ஓரிரவில் நகர்ந்தது.
கல்லுக்குக் காலில்லையே என்றார் ஒருவர்.
உனக்கு இருக்கிறதே என்றார் மற்றவர்.
பிறகு ஐந்து சாவு. அந்த வீட்டில் மூன்று, இந்த வீட்டில் இரண்டு.
கணக்கு நேராகாமலே முப்பத்துமூன்று வருடம்
ஊற்றுக்கு இவர்கள் காலையில்,
அவர்கள் மாலையில்.

சிப்பாய்களுக்கு அதெல்லாம் தெரியாது.
நாற்பத்துநான்கு பிப்ரவரியில்
முப்பத்தொரு வீட்டையும் பனியில் நடத்தி இறக்கினார்கள்.
மடி கனத்த மாடுகள் கத்திக்கொண்டே
சரிவு முடியும்வரை பின்னால் வந்தன.
ஒரே சரக்குப் பெட்டி. ஒரே இரும்படுப்பு.
இந்தச் சுவரோடு பட்ஸாயேவ்கள்,
அந்தச் சுவரோடு எஸ்கியேவ்கள்,
நடுவில், வண்டி குலுங்கக் குலுங்க
இரு தரப்பும் கட்டிக்காத்த
ஒரு முழப் பலகை.

ஒன்பதாம் நாள் அந்தப் பலகையில்தான்
பட்ஸாயேவ் வீட்டுக் குழந்தையைக் கிடத்தினார்கள்.
வேறு இடமில்லை.
எஸ்கியேவ் வீட்டு கெசிர்த் தலைத்துணியை அவிழ்த்தாள்.
பெண்ணொருத்தி ஆண்களுக்கு நடுவே அதை எறிந்தால்
உருவிய கத்தி உறைக்குத் திரும்ப வேண்டும், அது வழக்கம்.
அவள் எறியவில்லை.
மடித்து, குழந்தையின் முகம்வரை போர்த்தினாள்.
இது வழக்கத்தில் சேருமா என்று
எவரும் கேட்கவில்லை.
ரயில் நின்ற கால் மணி நேரத்தில்
இரு வீட்டு ஆண்களும்
தகர மூடிகளால் பனியைத் தோண்டினார்கள்.
அந்த இடம் எந்த வரைபடத்திலும் இல்லை.
தேடிப் பார்த்துவிட்டேன்.

ஐம்பத்தேழில் திரும்பலாம் என்றது அரசு.
மலைக்கு மட்டும் கூடாதாம்.
மீறி ஏறியவர்களைப் போலீஸ் இறக்கிவிட்டது.
ஊர் காலியாகவே வயதாகிக்கொண்டு போனது.

கல் அங்கேயே இருந்தது, பாசியோடு,
ஆட்டுக்குட்டி உயரத்துக்கு.
கருவியை நிறுத்திக் குமிழியைச் சமன் செய்து கேட்டேன்:
எல்லை இதுதானா?

"எங்கள் ஆள்தான் நகர்த்தினார். எழுதிக்கொள்ளுங்கள்.
நாற்பது சென்டிமீட்டர், அவர்களுடையது," என்றார் எல்பஸூர்.
"பொய்," என்றார் தோக்கா. முகம் சிவந்துவிட்டது.
"நகர்த்தியது நாங்கள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.
அதை அவர்கள் பெயரில் போடுங்கள்."
"என் வீட்டுக் குற்றத்தை நீ யார் எடுத்துக்கொள்ள?"
"உன் வீட்டுக்கு அவ்வளவு துணிச்சல் எங்கே இருந்தது?"
குரல் எதிர்மலையில் மோதித் திரும்பியது.
நான் நடுவே நின்றேன்,
கையில் அளவுநாடாவோடு,
தலையில் துணியோடு.

கடைசியில் இரு கோடு போட்டேன்.
இவருக்கு இதுவரை. அவருக்கு அதுவரை.
இடையில் கிடந்தது ஒரு புறம்போக்கு,
நீளம் இருநூற்றுப் பதினாறு மீட்டர்,
அகலம் ஒரு குழந்தையைக் கிடத்தும் அளவு.

அலுவலகக் கணினி அதைச் சிவப்பில் காட்டுகிறது:
உரிமையாளர் இல்லை. பிழை. திருத்துக.
மூன்று வாரமாகக் கோப்பை மூடவில்லை.
இன்று காலை தோக்கா போன் செய்தார்.
மழை நன்றாம், புல் முழங்காலுக்கு நிற்கிறதாம்.
இரண்டு அரிவாளும் ஓரம்வரை வந்து நின்றுவிட்டனவாம்.
அந்தத் துண்டை
யார் அறுப்பது என்று கேட்கிறார்.