இரண்டு தெரு வீடு

பள்ளத்தூரில் நான் குடியிருக்கும் வீட்டுக்கு
முகப்பு ஒரு தெருவில்
பின்வாசல் அடுத்த தெருவில்.
எனக்கு வாடகைக்குக் கிடைத்தது பின்கட்டு.
நடுவில் பதினோரு கதவுகள்,
எல்லாம் பூட்டு.

மாசியில் வந்தது முதல் செய்தி:
"பச்சைச் சுடிதார் உனக்கு எடுப்பா இல்ல."
அன்று நான் பச்சைதான்.
காரைக்குடி பஸ்ஸில் உடன் வந்தவர்களை
ஒவ்வொருவராக யோசித்தேன்.
யாரும் அவனாக இல்லை,
எல்லோரும் அவனாக இருந்தார்கள்.

பிளாக் செய்தேன்.
மறுநாள் வேறு பெயரில் வந்தான்.
அதையும் செய்தேன்.
சனிக்கிழமை ஒரு பெண் பெயர்,
முகத்துக்குப் பதில் ரோஜாப்பூ.
முன்வாசலில் தாழ் போட்டால்
பின்தெருவில் மணி அடிக்கிறது.

நான் போட்ட படத்தில் முகம்கூடக் கிடையாது.
புதுக் கொலுசு, பாதம்,
கீழே கொஞ்சம் தரை.
சிவப்பில் கறுப்புப் பூ போட்ட அந்தக் கல்
எந்த வீட்டுத் தரை என்று
கதவு இலக்கத்தோடு எழுதி அனுப்பினான்.

அழிக்கப் போன கையைத் தட்டிவிட்டாள்
மருந்துக்கடையில் கூட நிற்கும் வள்ளிக்கண்ணு.
"அழிச்சா அவனுக்குத்தான்டி உதவி.
தேதி தெரியறாப்ல படம் எடு."
நாற்பத்தேழு படங்கள்.
சரக்குக் கணக்குபோல
நாள், நேரம், எந்தப் பெயரில்.
காலாவதித் தேதி மட்டும் இல்லை.

லொகேஷனை அணைத்தேன்.
ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கி நடந்தேன்.
தப்பு செய்தவன் அவன்,
வெயிலில் நடப்பது நானா என்று கேட்டேன்,
வள்ளிக்கண்ணு குடையை நீட்டினாள்.

சிவகங்கையில் ஏட்டு கேட்டார்:
"நீ ஏதும் பதில் போட்டியாம்மா?"
ஒரே ஒரு தடவை. 'யாருங்க நீங்க?'
அதை முதலில் எழுதிக்கொண்டார்.
பக்கத்து மேஜையிலிருந்து எஸ்.ஐ. அம்மா
நிமிராமலே சொன்னார்:
"மிச்சம் நாற்பத்தாறையும் எழுதுங்க."

கோட்டையூர்க்காரன்.
ஒருமுறை இருமல் மருந்து வாங்கியிருக்கிறான்.
பில்லின் அடியில் கடை நம்பர் என்று
முதலாளி அச்சடித்திருந்தது
என் நம்பர்.

இப்போது கடைக்குத் தனி சிம்.
இரவில் போன் அதிர்ந்தால்
கை இன்னும் தாழ்ப்பாளுக்குத்தான் போகிறது.
பச்சைச் சுடிதார் பெட்டியடியில் கிடக்கிறது.
தையல் பிரிந்துவிட்டது,
அதனால்தான் போடவில்லை என்று
வள்ளிக்கண்ணுவிடம் சொல்லியிருக்கிறேன்.
ஊசி நூலோடு
ஞாயிற்றுக்கிழமை வருகிறாளாம்.