அசலின் உண்மையான நகல்

ஜூன் பிறந்தால் சாட்ஸ்வொர்த் காவல் நிலையத்தில்
திருட்டுக் கொடுத்தவர்களைவிட
டாக்டராகப் போகிறவர்கள்தான் வரிசையில் அதிகம்.

கான்ஸ்டபிள் ந்துலி என் அடையாள அட்டையை எடுத்து
நகலோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தார்.
பிறகு கிரிவனுடையதை.
ஒரே தேதி. ஒரே முகவரி. ஒரே மூக்கு.
"உங்களில் யார் அசல்?"
வரிசை சிரித்தது.
பதினோரு நிமிடம் மூத்தவள் நான் என்று
சொல்ல வந்து விட்டுவிட்டேன்.
டக், டக்கென்று முத்திரை விழுந்தது:
அசலைப் பார்த்தேன், இது அதன் உண்மையான நகல்.

பதினோராம் வகுப்பு மதிப்பெண் ஆறு பிரதி.
அப்பாவின் சம்பளச் சீட்டு ஆறு பிரதி,
பிப்ரவரியோடு நின்றுபோனது.
அதற்கும் முத்திரை உண்டு.

விண்ணப்பத்தில் நான்கு பெட்டிகள். நீங்கள் எந்த இனம்?
ஐந்து தலைமுறையாய் எங்கள் வீட்டில் ஒருவரும்
போய்ப் பார்த்திராத ஒரு நாட்டின் பெயருக்கு எதிரே
ஒரு டிக்.
அந்தப் பெட்டிக்குள் எத்தனை இடம் என்று
டியூஷனில் ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள்.
நோசிஃபோ என் பெஞ்ச்தான், ஆனால் வேறு பெட்டி.
உயிரியலில் அவளுக்கும் எனக்கும் தொண்ணூற்றொன்று.
இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.
வினிகர் ஊற்றிய சிப்ஸை
எண்ணாமல் பாதியாக்கிக்கொள்கிறோம்.

கிரிவனும் நானும் ஒரே பெட்டி.
கணிதத்தில் அவன் என்னைவிட நான்கு கூட.
கடைசியில் ஒரே ஓர் இடம் மிஞ்சினால்?
அம்மா இந்தக் கேள்விக்குப் பக்கத்திலேயே போகமாட்டாள்.
முருகனுக்கு இரண்டு காவடி நேர்ந்திருக்கிறாள்,
இரண்டும் ஒரே உயரம்.

கடைசிப் பக்கம்.
ஏன் மருத்துவராக விரும்புகிறீர்கள்?
முந்நூறு சொற்களுக்கு மிகாமல்.

நான் அப்பாவின் காலை எழுதினேன்.
சர்க்கரைப் புண். சுண்டுவிரலை எடுத்த இரவு.
வார்டின் மஞ்சள் விளக்கு.
கட்டு மாற்றும்போது நான் விடாமல் பிடித்திருந்த கை.
இருநூற்றுத் தொண்ணூற்றாறு சொல்.
எழுதும்போது எனக்கே அழுகை வந்தது.

எட்டு மணிக்கு மின்சாரம் போய்விடும்,
அதற்குள் அச்செடுக்கலாம் என்று அவன் கோப்பைத் திறந்தேன்.
அதே கால்.
அதே மஞ்சள் விளக்கு.
அதே கையை அவன் பிடித்துக்கொண்டிருந்தான்.
என்னுடையதில் வலது கால்,
அவனுடையதில் இடது. வேறு வித்தியாசம் இல்லை.

"நீ மாத்து."
"நீ மாத்து. நான்தான் முதல்ல எழுதினேன்."
"நான்தான் முதல்ல பிறந்தேன்."

அந்த இரவு நாங்கள் எங்கே இருந்தோம் என்று
இரண்டு பேருக்கும் தெரியும்.
சமையலறை மேசையில், காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு;
விடிந்தால் கணிதத் தேர்வு.
அம்மா ஒரு டாக்ஸி பிடித்துத் தனியாகப் போனாள்.
விளக்கு மஞ்சள் என்று எங்களுக்குச் சொன்னதே அவள்தான்,
அதுவும் ஒரே ஒரு தடவை.

அப்பா குதிரைப் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தார்.
"எந்தக் காலுப்பா?"
ஏன் என்று கேட்கவில்லை. காலுறையைக் கழற்றினார்.
இடது.
கிரிவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

அவ்வளவு அருகில் அதை நான் பார்த்ததில்லை.
தையல் போட்ட இடம் உதட்டை மூடிக்கொண்ட மாதிரி இருந்தது.
"வலிக்குதா?"
"வலி எங்கே. குளிர் வந்தா அரிக்கும்."
"எந்த இடத்துல?"
"அந்த விரல்லதான்."

விரல் இருந்திருக்க வேண்டிய வெறும் காற்றை
நகத்தால் மெல்லச் சொறிந்தேன்.

"கொஞ்சம் இந்தப் பக்கம்," என்றார் அப்பா,
குதிரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.