தேய்ந்த பாதி

வெண்கலப் புலி ஒன்று,
முதுகு நெடுக இரண்டாய்ப் பிளந்தது.
வலப்பாதி அரண்மனையில்.
இடப்பாதி தளபதி யின் குவெய்யின் இடுப்புப் பையில்.
இரண்டும் பொருந்தினால்தான்
ஐம்பது பேருக்கு மேற்பட்ட படை
ஓரடி எடுத்து வைக்கலாம்.
அந்தச் சட்டத்தை மூங்கில் பட்டையில்
நானே படியெடுத்திருக்கிறேன்.

நான் அவருடைய எழுத்தன்.
பிழையைச் சுரண்ட ஒரு சிறு கத்தி வைத்திருந்தேன்.
'இறந்தோர் எழுநூறு' என்று எழுதுவேன்.
தலைநகரிலிருந்து வந்த கணக்கதிகாரி இருமுவார்.
எழுநூறு எழுபதாகும்.
எங்கள் எழுத்தில் இரண்டுக்கும்
ஒரு குறிதான் வித்தியாசம்.
மடியில் விழுந்த சீவல்களை
யின் குவெய் பொறுக்கிக்கொண்டு போய்த்
தன் கணப்பில் போடுவார்.

தெற்கே அவரைப் பற்றிக் கதைகள் உண்டாம்,
ஓர் அம்பில் இரண்டு கழுகென்று.
எனக்குத் தெரிந்து அவருக்கு இடக்கண் மங்கல்.
குளம்புப் புண்ணை மோந்து பார்த்தே
எத்தனை நாளானதென்று சொல்வார்.
கடைசி வரிசைக்குக் கஞ்சி போனதா என்று கேட்காமல்
கிண்ணத்தைத் தொட மாட்டார்.
மழையில் வில்நாணை நனைய விட்டதற்காகத்
தம்பி மகனைக் கூடாரக் கழியால் அடித்தார்.
அவன் அதற்குப் பிறகு நிமிர்ந்து நடக்கவில்லை.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தூக்கம் மட்டும் கிடையாது.
இரவெல்லாம் பாதிப் புலியை உள்ளங்கையில் கிடத்தி
அறுபட்ட பக்கத்தைக் கட்டைவிரலால்
தடவிக்கொண்டே இருப்பார்,
வயிற்றுவலிக் குழந்தையைத் தடவுவதுபோல.
பதினோரு குளிர்காலம்.

பன்னிரண்டாவதின் கடைசியில்,
உறைந்த ஆற்றின் மேல் நாய்கள்
கால் வைக்க மறுத்த வாரத்தில்,
நரித்தோல் போர்த்துத் தூதர் ஷென் பாவ் வந்தார்.
'விடியலில் ஆற்றைக் கடந்து தாக்குக.'
நாற்பதாயிரம் பேர். வண்டிகள் தனி.

முரசு அதிர்ந்தது.
தூதர் வலப்பாதியை நீட்டினார்,
தளபதி இடப்பாதியை.

பொருந்தவில்லை.

காதருகே ஒரு மயிரிழை.
வாலருகே ஒரு தினையரிசி நுழையும்.
பொன்னெழுத்துகள் சரி, முத்திரை சரி.
தூதர் திருப்பிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார்,
தன் சட்டை நுனியால் துடைத்தும் பார்த்தார்.
'படை நகரக் கூடாது' என்றார் யின் குவெய்.
'சட்டம்.'

நான்காம் நாள் உச்சிவேளையில் ஆறு உடைந்தது.
சமையற்காரன் கையிலிருந்த பானையைப் போட்டான்.
வரிசை வரிசையாக எல்லாரும் கரைக்கு வந்து
பனிப்பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதைப் பார்த்தார்கள்.
ஒருவன்கூட வாய் திறக்கவில்லை.

குற்றச்சாட்டு: அரசுடைமையைத் தேய்த்தமை.
விசாரணையில் என்னைக் கேட்டார்கள்:
விரலாலா, கல்லாலா?

விரலைப் பார்த்திருக்கிறேன்.
தூதர் வருவதற்கு இரண்டிரவு முன்னால்
அவர் கூடாரத்துக்குள் சிள்வண்டு ஒன்று
விட்டுவிட்டுக் கத்தியதையும் கேட்டிருக்கிறேன்.
அந்தக் குளிரில் சிள்வண்டு ஏது?

'விரலால்' என்று எழுதினேன்.
கத்தியை உறையிலிருந்து எடுக்கவில்லை.

தலை தப்பியது. பதவி போயிற்று.
எல்லைச் சுவருக்கு மண் சுமக்க அனுப்பினார்கள்.
கைதிப் பதிவை எழுத உட்கார்ந்ததும் நான்தான்.
ஈரக் களிமண்ணில்
வலக் கட்டைவிரலை அழுத்தச் சொன்னார் காவலர்.
அழுத்தினார்.

குழி விழுந்தது.
குழிக்குள் ஒரு ரேகையும் இல்லை,
வழித்த கிண்ணம்போல வழவழவென்று.

காவலர் திட்டினார்,
மறுபடி அழுத்தச் சொன்னார்.
யின் குவெய் என்னைப் பார்க்கவேயில்லை.
விரலைத் தொடையில் துடைத்துவிட்டு
மறுபடி அழுத்தினார்.