மூன்றாம் கோப்பை

கெய்ரோவில், தண்டவாளத்துக்கு அப்பால்,
டுக்-டுக் திரும்ப இடமில்லாத சந்தில், ஐந்தாம் மாடி.
ஞாயிறுதோறும் என் அறையில்தான் காப்பி.
என்னிடம் மூக்கு உடையாத மண் ஜெபெனா இருக்கிறது,
சுவரில் கணவன் இருக்கிறான்.

பச்சைக் கொட்டை வறுபடும் புகையை
ஆளுக்கொரு கையால் முகத்துக்கு இழுத்துக்கொள்வோம்.
எந்த எஜமானி சம்பளத்தில் பிடித்தாள்,
யாருடைய மஞ்சள் அட்டை காலாவதி,
வாடகை, வாடகை, வாடகை.
முதல் சுற்று கசக்கும். இரண்டாவது இளகும்.
மூன்றாவதற்கு ஆசீர்வாதம் என்றே பெயர்.
அதைக் குடிக்காமல் எழுந்தால்
வந்ததே வராத கணக்கு.

அப்ரெஹெத் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு
படியேறி வந்த அன்று
இரண்டாம் சுற்று முடிந்திருந்தது.
"பால் வாங்கணும்" என்றாள் லெத்தெஸ்கி.
"பையன் தனியா இருக்கான்" என்றாள் ஹிவேத்.
வாசலில் செருப்புகள் ஜோடி ஜோடியாகக் குறைந்தன.
கங்கு இருந்தது. தண்ணீர் இருந்தது.
அவள் உட்காரவா வேண்டாமா என்று நின்றாள்.
நான் ஜெபெனாவைக் கழுவப் போனேன்.

படிக்கட்டில் அவளுக்கு நான்கு கதைகள்.
கஸ்ஸலாவில் அடைத்துவைத்தவன்.
பாலைவனத்தில் லாரி ஓட்டியவன்.
ஸமாலெக்கில் அவள் தரை துடைத்த வீட்டுக்காரன்.
நான்காவதைக் குரல் தாழ்த்திச் சொல்வார்கள்:
அவளே விரும்பிப் போனாள்.
முதல் மூன்றுக்கும் 'ஐயோ' சொன்ன வாய்கள்
நான்காவதில் இறுகிக்கொண்டன.
அவள் எதையும் மறுக்கவில்லை.

ஆறு வருடம் முன்பு நானும் அந்த வழியாகத்தான் வந்தேன்,
வயிற்றில் மூன்று மாதத்தோடு.
என்னை ஒருவரும் கேட்கவில்லை.
சுவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

பதிவு மேசையில் தகப்பன் பெயருக்கு ஒரு கட்டம்.
எங்களில் பிள்ளையின் பெயருக்குப் பின்னால்
தகப்பன் பெயர் நடந்துவரும்,
அதன் பின்னால் அவன் தகப்பன்.
அப்ரெஹெத் தன் அப்பா பெயரைச் சொன்னாளாம்: ஹப்தெஸ்கி.
"அப்ப இவ உனக்குத் தங்கச்சியா?"
மொழிபெயர்ப்பவன் சிரித்தானாம்.
"எழுதுங்க."
ரிக்பெ ஹப்தெஸ்கி.
தாளில் அக்காளும் தங்கையும்.
தங்கை அக்காளிடம் பால் குடித்தபடியே
வரிசையைவிட்டு வெளியே வந்தாளாம்.
சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.
எனக்குப் பொறாமையாக இருந்தது.
அந்தக் கட்டத்தை நிரப்ப
அவள் யாரையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை.

பெண்பிள்ளைக்கு எண்பதாம் நாள் ஞானஸ்நானம்.
ஏந்திக்கொள்ள ஒரு ஞானத்தாய் வேண்டும்.
இரண்டாம் மாடியில் கேட்டாள், மூன்றாம் மாடியில் கேட்டாள்.
நான்காம் மாடியில்
உள்ளே தொலைக்காட்சி ஓடியது, கதவு திறக்கவில்லை.
ஐந்தாம் மாடியில் என் மகன் திறந்துவிட்டான்.

வருகிற எல்லோருக்கும் செய்வதுபோல
கையைப் பிடித்து இழுத்துப்போய்ச் சுவரைக் காட்டினான்:
"எங்க அப்பா. ஸ்வீடன்ல இருக்கார்.
அவருக்கும் அம்மாவுக்கும் ஒரே காது, பாருங்க."

அப்ரெஹெத் படத்தைப் பார்த்தாள்.
பிறகு என் காதை.
கெரெனில், எட்டாம் வகுப்பில்,
அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் என் அண்ணன்.
படைக்குப் போனவன் திரும்பவில்லை.
அந்த முதல் ஞாயிறும் இதே சுவருக்கு எதிரேதான் நின்றாள்.
செருப்புகள் குறைந்துகொண்டிருந்தபோது
ஒரு வார்த்தை போதும்.
ஒரு வார்த்தையில் நான் அவளுக்குக் கீழே இறங்கியிருப்பேன்.

"ஆமா கண்ணு," என்றாள் என் மகனிடம்.
"நல்ல காது."

பிள்ளையை முதுகிலிருந்து அவிழ்த்து
என் மடியில் போட்டாள், கேட்காமல்.
பால் வாடை. ஈரம்.
இடது கையால் அணைத்துக்கொண்டு
வலது கையால் ஜெபெனாவில் தண்ணீர் ஊற்றினேன்,
மூன்றாம் முறை.
எண்பதாம் நாள் என்றைக்கு வருகிறது என்று கேட்டேன்.

வியாழக்கிழமை என்றாள்.
அன்று எனக்கு வேலைநாள்.